கலப்படக் கண்ணீர்

கருவளையம் என்றால் கண்ணுக்குக் கீழே வருவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், பேரவை உறுப்பினர் எவர் காதிலும் விழும்படி அதைச் சொல்லிவிடக் கூடாது. கருவளையம் என்பது மூன்று விண்வெளிப் படங்கள். அந்த மூன்றையும் பாதுகாப்பதற்காக, குறிப்பாகப் பார்ப்பவர்களிடமிருந்து பாதுகாப்பதற்காக, ஏற்பட்டதுதான் கருவளையம் ரசிகர் பேரவை. அதற்குத் தலைவர், செயலாளர், ஒழுங்கு நடவடிக்கைக் குழு, கொள்கை விளக்கக் குழு, சனிக்கிழமைக் கூட்டம், பழைய வணிக வளாகம் ஒன்றின் மேல்மாடியில் வாடகைக்கு ஒரு சின்னத் தியேட்டர் எல்லாம் உண்டு. ஒரு நாட்டுக்கு வேண்டியதில் கடற்படை மட்டும்தான் குறைச்சல்.

லிஃப்ட் மெக்கானிக் இளைஞனாக இருந்தபோது இந்தப் பேரவையில் சாதாரண உறுப்பினன். வாரம் பூராவும் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் கிரீஸும் கையுமாகக் கிடந்துவிட்டு, சனிக்கிழமை குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்காருவான். வாய் திறக்க மாட்டான். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனுக்குக் கூட்டாளியாக இருந்த பல் டாக்டர்தான் அவனைச் சேர்த்துவிட்டது. பல் டாக்டர் அப்போது இன்னும் டாக்டராகவில்லை. மற்றவர்கள் வாயை அடைக்கும் வேலையை மட்டும் தொடங்கியிருந்தான்.

மூன்று படங்களும் வந்து நெடுங்காலம் கழித்து, அவற்றுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதைச் சொல்ல இன்னும் மூன்று படங்கள் எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பழைய படங்களில் கோள்கோளாக அழித்துக்கொண்டு போகும் இரும்புத் தளபதி சின்னப் பையனாக இருந்த கதை. இரும்புத் தளபதிக்குச் சிறுவயது உண்டு என்பதையே பேரவை ஏற்கவில்லை. முதல் படம் வெளிவருவதற்கு முன்பே கண்டனத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. வெளியான அன்று தியேட்டர் முழுவதையும் வளைத்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஊளையிடப் போனார்கள்.

ஊளைக்குக் காரணங்கள் இருந்தன, அதை மறுக்க முடியாது. தவளைமூக்கன் என்றொரு காமெடிப் பிராணி வந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. வான்சபையில் வரிவிதிப்பைப் பற்றி அரைமணி நேரம் விவாதித்தார்கள். காதலர்கள் ஒருவருக்கொருவர் சுற்றறிக்கை வாசிப்பதுபோல் பேசினார்கள். ஆனால் நடுவில் ஒரு காட்சி வந்தது. பையனை விண்கலத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். அவன் அம்மா அவனுடைய கவச உடையின் பூட்டுகளைச் சரிபார்க்கிறாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. மறுபடியும் முதலிலிருந்து சரிபார்க்கிறாள். பிறகு கதவு மூடுகிறது. மூடிய கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள். வசனம் கிடையாது.

பின்வரிசையில் மெக்கானிக் வாய்விட்டு அழுதான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. பக்கத்திலிருந்த பல் டாக்டர் டார்ச் எடுத்து அவன் முகத்தில் அடித்து, "டேய், இங்க பாருங்கடா! ஒருத்தன் அழறான்!" என்று கத்தினான். தியேட்டரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கு அந்தப் படம் வாங்கிய ஒரே சிரிப்பு அதுதான்.

அடுத்த கூட்டத்தில் மெக்கானிக்கை நீக்கினார்கள். எதிரியின் படத்துக்குக் கண்ணீர் சிந்தியது குற்றம். அழுகுணி என்ற பெயர் நிலைத்தது. பல் டாக்டர் காட்டிய துணிவுக்காக அவனைச் செயற்குழுவில் எடுத்தார்கள். பிறகு படிப்படியாகத் தலைவரானான். தலைவரான அன்றிலிருந்து அவன் அவர் ஆனார்.

இருபது வருஷங்களுக்கு மேல் ஓடின. மெக்கானிக்குக்குக் கல்யாணமானது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. சனிக்கிழமைகளில் அவன் வீட்டுக் குழாய்களைச் சரிசெய்தான். ஒழுகாத குழாய்களையும் சரிசெய்தான். முன்கதைப் படங்களில் மற்ற இரண்டையும் அவன் பார்க்கவே இல்லை. தியேட்டர் வாசல் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறான்.

இதற்குள் உலகம் ஒரு விஷமம் செய்துவிட்டது. முன்கதைப் படங்களைச் சின்ன வயதில் பார்த்து மகிழ்ந்த பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். அவர்களுக்குத் தவளைமூக்கனைப் பிடித்திருந்தது. அதைவிட முக்கியமாக, அவர்களிடம் சந்தா கட்டப் பணம் இருந்தது. பேரவையில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டுவலி காரணமாக மேல்மாடி ஏறுவதை நிறுத்திக்கொண்டிருந்த நேரம். உடனே மறுமதிப்பீட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைமைக்கு ஒரு ஆடிட்டரைப் போட்டார்கள். நிறைகளையும் குறைகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க அவரைவிடத் தகுந்த ஆள் இல்லை என்றார்கள்.

ஆடிட்டர் தொடக்க உரையில் சொன்னார்: "நாம யாரும் கருத்தை மாத்திக்கல. அதை முதல்ல தெளிவுபடுத்திடறேன். படம்தான் மாறியிருக்கு. இத்தனை வருஷத்துல அது தன் தப்பை உணர்ந்து திருந்தியிருக்கு. திருந்தி வர்ற படத்தை ஏத்துக்கறது நம்ம பெருந்தன்மை."

பலத்த கைதட்டல்.

ஆணையம் மும்முரமாக வேலை செய்தது. சுற்றறிக்கை போன்ற வசனங்கள், உணர்ச்சி வற்றிப்போன ஒரு நாகரிகத்தின் துல்லியமான சித்திரிப்பு என்று முடிவானது. வரிவிதிப்பு விவாதத்தை ஆடிட்டரே நேரில் பரிசீலித்து, மூன்று படங்களிலும் மிகச் சிறந்த சண்டைக்காட்சி அதுதான் என்று அறிவித்தார். தவளைமூக்கன் விஷயத்தில்தான் கொஞ்சம் சிக்கல். அந்தக் காலத்தில் பேரவையின் ஆணைப்படி உறுப்பினர்கள் எல்லோரும் தவளைமூக்கன் பொம்மைகளை எரித்துவிட்டார்கள். இப்போது கண்ணாடிப் பெட்டியில் வைத்து மரியாதை செய்ய ஒரு பொம்மைகூட இல்லை. எரிக்காமல் பரண்மேல் ஒளித்துவைத்திருந்த ஒரு கிழவரைக் கண்டுபிடித்துப் பாராட்டுவிழா நடத்தினார்கள். பொம்மையை வாங்கிக்கொண்டதும், அன்றைய ஆணையை மீறியதற்காக அவரை இடைநீக்கம் செய்தார்கள்.

பிறகு ஊளை வாபஸ் பெறும் நிகழ்ச்சி. அன்று ஊளையிட்டவர்கள் வெற்றுத்திரை முன்னால் நின்று, இட்ட அளவுக்குக் கைதட்டித் தீர்க்க வேண்டும். எவ்வளவு இட்டோம் என்று நினைவில்லாதவர்களுக்குத் தொண்டையின் கனத்தை வைத்து ஆணையமே நிர்ணயித்தது. தலைவர் உள்ளங்கை சிவக்கச் சாயங்காலம் வரை தட்டினார். மறுநாள் அவரால் பல் பிடுங்க முடியவில்லை. நோயாளிகள் நிம்மதியாக வீடு திரும்பினார்கள்.

எல்லாம் ஆன பிறகும் ஒரு ஓட்டை இருந்தது. சந்தாவுக்காகத்தான் பேரவை கட்சி மாறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். படம் வெளிவந்த காலத்திலேயே அதை உளமார ரசித்த உறுப்பினர் ஒருவராவது பேரவையில் இருந்தார் என்று காட்ட வேண்டும். அப்போதுதான் தலைவருக்கு அழுகுணி நினைவுக்கு வந்தான்.

ஒரு மதியம் மெக்கானிக் ஒரு துணிக்கடையின் லிஃப்ட் குழிக்குள் நின்று, அடியில் அதிர்ச்சி தாங்கும், தேய்ந்துபோன பஃபரைக் கழற்றிக்கொண்டிருந்தான். மேலே கதவுப் பக்கம் ஒரு முகம் குனிந்து பார்த்தது.

"டேய் மச்சான்! உள்ள நீதானா?"

இத்தனை வருஷம் கழித்தும் குரலைக் கண்டுகொண்டான். "ஆமா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. விழுந்துருவீங்க."

"என்னடா 'ங்க' எல்லாம் போடற? நான் அதே ஆள்தான்டா. மாறவே இல்ல." தலைவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "பேரவைக்கு நீ வேணும்டா. முன்கதைய பாத்து அழுத ஒரே உறுப்பினர் நீதான்."

"அதுக்குத்தானே வெளிய அனுப்பினீங்க?"

"அப்ப அது தப்பு. இப்ப சரி. அப்ப தப்பா இருந்ததாலதான் இப்ப அதுக்கு இவ்வளவு மதிப்பு. புரியுதா?"

"புரியல."

"ரொம்ப நல்லது. புரிஞ்சவங்களாலதான் பேரவையில எல்லாப் பிரச்சினையும். 'முதல் கண்ணீர்'னு உனக்குப் பட்டம் தரப்போறோம். முன்வரிசைல நிரந்தரமா சீட்டு. ஆணையத்துக்கு முன்னால வந்து, அழுதேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். பட்டம் அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மச்சான் என்று கூப்பிட்டானே, அதுதான் உள்ளே போய் எதையோ அசைத்துவிட்டது. "வரேன்டா," என்றான்.

மனைவி கேட்டுவிட்டு, "அழுததுக்கு வெளிய தள்ளினாங்க, அழுததுக்கே உள்ள கூப்பிடறாங்க. நாளைக்கு நீங்க தும்மிட்டா என்ன செய்வாங்களாம்?" என்றாள்.

"அவனே நேர்ல வந்து கூப்பிட்டான்."

"குழியில இருந்தவரை எட்டிப் பாத்துக் கூப்பிட்டாரு. ஒரு படி இறங்கி வந்தாரா?" என்று கேட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நானும் வரேன்," என்றாள்.

சனிக்கிழமை தியேட்டர் நிரம்பியிருந்தது. திரைக்கு முன்னால் மேசை போட்டு ஆடிட்டர் நடுவிலும், தலைவர் வலப்பக்கமும், செயலாளர் இடப்பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக்குக்குத் தனி நாற்காலி. மனைவி பார்வையாளர் வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

முதலில் தலைவர் சாட்சி சொன்னார். "அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கண்ணீரை உலகத்துக்கு முதன்முதலா வெளிச்சம் போட்டுக் காட்டினவன் நான். என் கையில டார்ச் இல்லேன்னா அந்தக் கண்ணீர் இருட்டுலேயே காஞ்சு போயிருக்கும்." கைதட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினான்.

ஆடிட்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எந்தக் கண்ணுல முதல்ல வந்துச்சு?"

"ஞாபகம் இல்லீங்க."

"விசும்பலா, தேம்பலா?"

"சத்தமாத்தான் அழுதேன்."

"அடுத்த ரெண்டு பாகத்துக்கும் இதே அளவு அழுதீங்களா, கூடுதலா?"

"அதெல்லாம் நான் பாக்கலீங்க."

தியேட்டரில் சலசலப்பு. ஆடிட்டர் கையை உயர்த்தி அடக்கினார். "பாக்கலியா? அந்த அம்மா கதி என்னாச்சுன்னே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க. எங்கயாவது நல்லா இருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ரெண்டாம் பாகத்துல செத்துடறா. பதிவு பண்ணிக்குங்க, சாட்சிக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது." ஆடிட்டர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "சரி. படத்துல எது உங்களை அழவெச்சுது? இயக்கமா, இசையா, கிராபிக்ஸா?"

மெக்கானிக் யோசித்தான். பொய் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"அதுக்கு முந்தின வாரம் எங்கம்மா தவறிட்டாங்க. ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு மேல கொண்டு போனாங்க. லிஃப்டுல ஸ்ட்ரெச்சர் போனதும் எனக்கு இடமில்ல, நீ படியேறி வான்னு சொல்லிட்டாங்க. கதவு மூடும்போது அம்மா கைய வெளிய நீட்டிட்டாங்க. கை பட்டா அந்தக் கதவு தானா திறந்துரும். திறந்துச்சு. மறுபடி மூடுச்சு, மறுபடி நீட்டினாங்க. அப்புறம் கூட இருந்த ஆளு அவங்க கைய எடுத்துப் போர்வைக்குள்ள வெச்சுட்டாரு. கதவு மூடிருச்சு. நான் ஓடிப் போறதுக்குள்ள அவங்களை உள்ள கொண்டு போயிட்டாங்க. அவ்வளவுதான். படத்துல அந்தம்மா கதவுல கை வெச்சுக்கிட்டு நின்னதும் எனக்கு முடியல."

பார்வையாளர் வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். அந்த ஒரு நிமிஷம் பேரவை மனிதர்களின் கூட்டம்போல் இருந்தது. அது கலைய வேண்டுமே என்று ஆடிட்டர் மேசையைத் தட்டினார்.

"அப்ப இது கலப்படக் கண்ணீர்."

"என்னங்க?"

"ஐயா, உங்க இழப்புக்கு ஆணையம் வருந்துது. ஆனா ஒரு படத்தோட கணக்குல வேற வரவு வரக் கூடாது. நீங்க அழுதது உங்கம்மாவுக்கு. அதைப் படத்துக்கு அழுததா இத்தனை வருஷம் நாங்க நம்பி, உங்களை நீக்கி, அதுக்காகத் தீர்மானமெல்லாம் போட்டிருக்கோம். தனிப்பட்ட துக்கத்தைப் பொதுத் தியேட்டருக்குள்ள கொண்டு வந்தது முறையா? எல்லாரும் இப்படி அவங்கவங்க வீட்டுச் சாவை எடுத்துக்கிட்டுப் படம் பாக்க வந்தா, படத்தோட தரத்தை எப்படித்தான் அளக்கறது?" ஆடிட்டர் தலைவர் பக்கம் திரும்பினார். "தலைவர் அவர்களே, சாட்சி உங்க பால்ய நண்பர். அவர் அம்மா இறந்த விஷயம் அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

மெக்கானிக் தலைவரைப் பார்த்தான். அடக்கத்தன்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றவன் அந்தப் பல் டாக்டர்தான். மூன்று நாள் கழித்து, "வீட்டுல உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சிடும், வாடா படத்துக்கு," என்று இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான். தெரியும் என்று சொன்னால், தெரிந்தே டார்ச் அடித்ததாக ஆகிவிடும்.

தலைவர் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். "எனக்கு ஞாபகம் இல்ல," என்றார். "அந்த அம்மாவை நான் பாத்ததாவே ஞாபகம் இல்ல."

மனைவி எழுந்து, "வாங்க போகலாம்," என்றாள். செயலாளர் அவளை உட்காரச் சொன்னார். பார்வையாளர்களுக்குப் பேச அனுமதி இல்லை.

ஆடிட்டர் இரக்கமுள்ளவர். சாட்சிக்கு இன்னொரு வாய்ப்புத் தந்தார். இப்போது அவன் மனத்தில் புதிய துக்கம் எதுவும் கிடையாது என்பதை உறுதிசெய்துகொண்டு, அந்தக் காட்சியை மறுபடி ஓட்டுவது. படத்துக்காக மட்டும் அழுதால் ஏற்றுக்கொள்ளலாம். விளக்குகள் அணைந்தன. ஆணையம் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தது. கன்னத்தில் ஈரம் தெரிகிறதா என்று செயலாளர் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் மெக்கானிக்குக்குத் திரையே தெரியவில்லை. பூட்டுகள் பூட்டப்படும் சத்தம் கேட்டது. பிறகு கதவு மூடும் சத்தம். கதவின் ரப்பர் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியது. கண் வறண்டிருந்தது.

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. படத்துக்காக அழாததாலும், அழுததாக நம்பவைத்ததாலும், ஆணையமே மறுபடி ஓட்டிக்காட்டிய காட்சியில் அழ மறுத்ததாலும், அழுகுணியைப் பேரவை நிரந்தரமாக நீக்குகிறது. ஏற்கெனவே நீக்கப்பட்டவரை எப்படி நீக்குவது என்று ஒருவர் எழுந்து கேட்டார். முதலில் சேர்த்துக்கொள்வோம் என்றார் ஆடிட்டர். சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நீக்கினார்கள். அதற்கும் தட்டினார்கள்.

முதல் கண்ணீர்ப் பட்டம் யாருக்கு என்ற கேள்வி மிச்சமிருந்தது. சால்வை, கேடயம் எல்லாம் வாங்கியாகிவிட்டது. தலைவர் மெல்ல எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"இத்தனை வருஷம் நான் வெளிய சொல்லாத ஒண்ணை இன்னிக்குச் சொல்லிடறேன். அன்னிக்கு நானும் அழுதேன். உள்ள அழுதேன். வெளிய அது சிரிப்பா வந்துச்சு. ஒரு பொறுப்புல இருக்கறவனால வேற என்ன செய்ய முடியும்?"

ஆடிட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணுக்கு வராத கண்ணீரில் கலப்படத்துக்கு வழியே இல்லை என்று தீர்ப்பளித்தார். தலைவருக்குத் தலைவர் கையாலேயே கேடயம் வழங்கப்பட்டது. அதை வாங்கும்போது அவர் நிஜமாகவே அழுதுவிட்டார்.

மெக்கானிக்கும் மனைவியும் படியிறங்கி, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எக்ஸ்ரே அறையில் இதைவிடத் தெளிவாக மனிதர்களைப் பார்த்துப் பழகிய மனைவி அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு, "அத்தைக்குப் படம் பாக்கப் பிடிக்குமா?" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதில்லை, அவன் சொன்னதுமில்லை.

"எங்கம்மாவா?" அவன் லேசாகச் சிரித்தான். "லைட் அணைச்சதும் தூங்கிருவாங்க. நடுவுல சண்டைச் சத்தத்துல முழிச்சுப் பாத்து, 'இவன் நல்லவனா கெட்டவனா?'ன்னு கேப்பாங்க. நல்லவன்மான்னு சொன்னா, 'அப்பச் சரி'ன்னு திரும்பத் தூங்கிருவாங்க. வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் படம் ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லுவாங்க. ஒருதடவ அப்படித்தான்…"

சொல்லச் சொல்ல அவன் குரல் உயர்ந்தது. கைகளை ஆட்டிப் பேசினான். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கூட்டம் முடிந்து பேரவை உறுப்பினர்கள் நாலைந்து பேர் நிறுத்தத்துக்கு வந்து பின்னால் நின்றிருந்தார்கள். அவர்களில் ஓர் இளைஞன், கழுத்தில் பேரவை அட்டை தொங்க, மெக்கானிக்கின் தோளைத் தொட்டான்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா பேசறீங்களா? நாங்க படத்துல வர்ற அந்த அம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்."

மனைவி விருட்டென்று திரும்பினாள். மெக்கானிக் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். மன்னிச்சுக்குங்க தம்பி என்றான். பிறகு அவள் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, மீதியைச் சொன்னான்.